அறுபத்தொன்றாம் படம்

ஜனவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, மாப்பிள்ளை இன்னும் மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்து வைத்துத் துப்புகிறாரா என்று எழுது. போனில் கேட்கலாம்தான். ஆனால் போனைக் கையில் எடுத்தால் 'சரி, சரி, வைக்கட்டுமா' என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை என்று உனக்குத் தெரியும்.

ஒரு செய்தி. தாவரக் காப்பகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த காலத்தில் வந்த அவரைக் குடும்பத் தொகுதியை இரண்டாம் பதிப்பாகக் கொண்டு வருகிறார்களாம். முதல் பதிப்பை எழுதியவர்களில் மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் என்னையே சரிபார்த்துத் தரச் சொல்கிறார்கள். தகுதியால் வந்த வேலை இல்லை, ஆயுளால் வந்தது. இப்போது காப்பாளராக இருக்கும் பெண்ணுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. என்னை 'சார்' என்கிறார். பதிலுக்கு நானும் வாய் தவறி 'சார்' என்று சொல்லிவிட்டேன்.

ஓய்வு பெற்ற இந்தப் பதினாலு வருஷத்தில் எல்லாம் மாறிவிட்டது சிட்டு. நம் காலத்தில் இந்தக் குடும்பத்துக்கு மூன்று பிரிவு, மூன்று அலமாரி. கொன்றை வகை, தொட்டாற்சிணுங்கி வகை, பட்டாம்பூச்சிப் பூ வகை. இப்போது ஆறு பிரிவாம். தொட்டாற்சிணுங்கியும் வேலமும் கொன்றை வீட்டுக்குள்ளேயே குடி போய்விட்டன. புளியும் மந்தாரையும் ஆளுக்கொரு வீடு பார்த்துத் தனிக்குடித்தனம் போயாகிவிட்டது. பட்டாம்பூச்சிப் பூ வகை மட்டும், அதாவது நம் அவரை, துவரை, உளுந்து, கொள்ளு எல்லாம், இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நல்லவேளை. அவற்றையும் இடம் மாற்றச் சொன்னால் எனக்குத் தெம்பு இல்லை. பூ எப்படி எப்படியோ இருந்தாலும் காய் எல்லாவற்றுக்கும் ஒரே சாடைதான். ஒற்றை அறை, முற்றினால் பெரும்பாலும் இரண்டு விளிம்பிலும் வெடிப்பது. அந்தச் சாடையை வைத்துத்தான் இத்தனை சண்டைக்குப் பிறகும் ஒரே குடும்பம் என்கிறார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அறுபத்தொன்றாம் படம், அந்த ஓடைப் பள்ளத்துக் கொடி. அதை நீ எங்கே உட்கார்ந்து எப்படி வரைந்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? இல்லாவிட்டால் பரவாயில்லை. ஓர் ஒழுங்குக்காகக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

உன் அண்ணி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அண்ணன்


ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல் நாலு பக்கம் சுற்றி வந்து ஐந்தாம் பக்கத்தில் விஷயத்துக்கு வருவாய் என்று தெரிந்து, பின்னாலிருந்து படித்தேன்.

முழங்கால் படி ஏறும்போது மட்டும் என்னோடு பேசுகிறது. உன் மாப்பிள்ளை மாத்திரையை இப்போது துப்புவதில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். துவைக்கும்போதுதான் தெரிகிறது. சட்டைக்கு ரத்த அழுத்தம் சரியாகிவிட்டது.

இருபத்தெட்டு வருஷம் துணி அச்சடிக்கும் பட்டறையில் பூப் போட்டுப் போட்டு, இப்போது அதிலும் ஓய்வு வாங்கிவிட்டேன். திரைச்சீலையிலும் படுக்கை விரிப்பிலும் பூப் போடுவது உங்கள் வேலை மாதிரி இல்லை. எத்தனை இதழ், எத்தனை மகரந்தக் கேசரம் என்று எவரும் எண்ண மாட்டார்கள். என் முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: 'துவைச்சா நிக்குமா?' நிம்மதியான மனிதர். காப்பகத்தை விட்ட பிறகு தாவரப் படம் நான் ஒன்றுகூட வரையவில்லை. உனக்கே தெரியும்.

அந்தப் படம் பற்றிக் கேட்டிருக்கிறாய். எனக்கு ஞாபகம் இல்லை. பள்ளத்தில் இறங்கி ஈரப் பாறைமேல் உட்கார்ந்து காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை வரைந்ததும், எழுந்தால் புடவையில் பாதி சேறாக இருந்ததும், அட்டைப்பூச்சி ஒன்று காலை விட்டுப் போக மாட்டேன் என்றதும் எதுவுமே ஞாபகம் இல்லை.

பத்துக் கேசரத்தில் ஒன்பது ஒட்டிக்கொண்டிருக்கும், ஒன்று மட்டும் தனியாக நிற்கும் என்று பட்டாம்பூச்சிப் பூவை எனக்கு முதன்முதலில் பிரித்துக் காட்டியது நீதான். காப்பகக் கூடத்தில் எல்லோரும் தனியாக நிற்கும் அந்தப் பத்தாவது நான்தான் என்று கேலி செய்வார்கள். அதுவும் ஞாபகம் இல்லை.

அண்ணிக்கு என் அன்பு.

சிட்டு


பிப்ரவரி 4

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஞாபகம் இல்லை என்று நீ எழுதியிருப்பதை நான் நம்பவில்லை என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

போன வாரம் மூலப் படங்கள் இருக்கும் உறைகளை எடுத்துக் கொடுத்தார்கள். அறுபத்தொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் செய்தது அப்படியே தெரிகிறது. பூவைச் சுற்றி பிளேடு போன கோடு. கீழே பசை பழுத்து மஞ்சளாகியிருக்கிறது. காப்பாளர் பக்கத்தில் நின்று, "இது என்ன சார், ஒட்டு மாதிரி தெரியுது?" என்றார். நான் இருமினேன்.

இதுவரை உன்னிடம் நான் வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கு எதையும் சொல்ல முடிகிறது.

பட்டாம்பூச்சிப் பூவுக்கு ஐந்து இதழ். மேலே நிமிர்ந்து நிற்கும் பெரிய இதழைக் கொடியிதழ் என்போம். பக்கத்தில் இரண்டு சிறகு. கீழே இரண்டு சேர்ந்து படகு. எல்லாப் பயறுக்கும் அவரைக்கும் கொடியிதழ் மேலேதான். சங்குப்பூவும் அதன் சொந்தமும் மட்டும் விலக்கு. அதில் பூ தலைகீழாக நிற்கும், கொடியிதழ் கீழே. நான் அந்தக் கொடியைப் பயறு இனத்தில் சேர்த்திருந்தேன். காப்பகத் தலைவர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நீ கொண்டுவந்து வைத்த படத்தில் கொடியிதழ் கீழே இருந்தது. உன் படம் சரி என்றால் நான் இனம் பிரித்தது தவறு.

என்னிடம் இருந்தது அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிய மாதிரிச் செடிதான். விரிந்த பூ ஒன்றே ஒன்று, அதன் அடிப்பாகத்தையும் பூச்சி அரித்திருந்தது. மற்றதெல்லாம் மொட்டும் முற்றிய காயும். தாளில் அழுத்திய பூவுக்கு மேல் எது, கீழ் எது என்று யாரால் சொல்ல முடியும்? பள்ளத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். தலைவரிடம் போய் 'எனக்குச் சந்தேகமாக இருக்கிறது' என்றிருக்கலாம். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். நீ வீட்டுக்குப் போன பிறகு பூவை வெட்டி எடுத்து, தலைகீழாகத் திருப்பி ஒட்டினேன். அவசரத்தில் இடது ஓரம் கொஞ்சம் பிசிறிவிட்டது.

உன்னிடம் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாய் என்று பயம்.

மாதிரித் தாளில் ஒட்டிய ஒரு காகித உறையில் ஏழு விதைகள் இருக்கின்றன. முப்பத்தைந்து வருஷ விதை. இந்தக் குடும்பத்து விதைகளுக்குத் தோல் கல் மாதிரி. தண்ணீரே உள்ளே போகாது. அதனால் சிலது இத்தனை வருஷம் கழித்தும் முளைக்கும். அந்தப் பள்ளத்தைச் சாலைக்காகத் தூர்த்துவிட்டார்கள், கொடியை அதற்கப்புறம் எவரும் கண்டதில்லை. காப்பாளரிடம் கேட்டு மூன்று விதை வாங்கி வந்திருக்கிறேன். முளைத்துப் பூத்தால் உண்மை தெரிந்துவிடும். அதன்படி திருத்திவிடலாம்.

உன் அண்ணன்


பிப்ரவரி 15

அண்ணா,

முப்பத்தைந்து வருஷம் கழித்து 'வரிசையாக எழுதுகிறேன்' என்று எழுதுகிற மனிதன் உலகத்திலேயே நீ ஒருவன்தான் இருப்பாய்.

நான் என்ன செய்தேன் என்று நீ கேட்டதில்லை. நானும் வரிசையாகச் சொல்கிறேன். புத்தகம் வந்த அன்று எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஒரு மாதம். உன் மாப்பிள்ளை என்னைப் பார்க்கக் காப்பகத்துக்கு வந்திருந்தார். பெருமையாகப் பிரித்து, 'இது நான் வரைஞ்சது' என்று அறுபத்தொன்றைக் காட்டினேன். காட்டும்போதுதான் பார்த்தேன். அவர், 'நல்லா இருக்கே, ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?' என்றார். அடுத்த மேஜையில் நீ. தலை நிமிரவில்லை. அப்போதே தெரிந்தது உன் வேலைதான் என்று. மறுநாள் ஒரு வரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணத்தில் ஓடி ஓடி நாற்காலி போட்டாய்.

நீ என்றைக்காவது கேட்பாய் என்று இருந்தேன். வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். உன் வீட்டுக்கு வந்தால் கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினேன். அண்ணி மட்டும் 'ஏண்டி, பையைக் கீழ வச்சா கடிச்சிடுமா?' என்பாள்.

இப்போது விதை வாங்கி வந்திருக்கிறேன், பூ வந்தால் உண்மை தெரிந்துவிடும் என்கிறாய். அண்ணா, மூன்று மணி நேரம் அந்தப் பூவின் எதிரில் உட்கார்ந்திருந்தவள் நான். பூ வந்து சொன்ன பிறகு நீ திருத்தினால், அது பூவை நம்பித் திருத்தியது. என்னை நம்பி அல்ல. அதற்கு நீ எனக்கு எழுதவே வேண்டாம், நேராக அச்சகத்துக்கு எழுதிக்கொள்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது என்று எழுது. அண்ணி உன்னை நடக்கக் கூட்டிப் போகிறாளா?

சிட்டு


மார்ச் 19

அன்புள்ள சிட்டுவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டேன். மூச்சிரைப்பு பரவாயில்லை. உன் அண்ணி காலையும் மாலையும் என்னைத் தெருக்கோடி வரை ஓட்டிக்கொண்டு போகிறாள்.

மூன்று விதையையும் உப்புத்தாளில் தேய்த்துத் தோலைக் கொஞ்சம் கீறிவிட்டு, ஒரு நாள் ஊறவைத்து, தனித்தனித் தொட்டியில் போட்டேன். முதலாவது அழுகிவிட்டது. இரண்டாவது கல்லாகவே இருக்கிறது. மூன்றாவது பதினொன்றாம் நாள் முளைத்தது. இப்போது ஒரு சாண் உயரம். மூன்று மூன்று இலையாக விடுகிறது. சாயங்காலம் ஆனால் இலைகளை மடித்துத் தொங்கவிட்டுக்கொள்கிறது. பால்கனியில் கயிறு கட்டி ஏற்றிவிட்டிருக்கிறேன்.

வேரில் முடிச்சு விழுந்திருக்கிறதா என்று மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன். கடுகளவு நாலைந்து விழுந்திருக்கிறது. காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பது அந்த முடிச்சுதான். உன் அண்ணி பார்த்துவிட்டாள்.

"அதையும் தோண்டிப் பாத்தாச்சா? நிம்மதியா வேர் விட விடுங்களேன்."

"இல்ல, முடிச்சு இருக்கான்னு..."

"முடிச்சு உங்க ரெண்டு பேர் நடுவுலதான் இருக்கு. அத அவுக்க ஒரு செடி வந்து பூக்கணுமா?"

உன் கடிதத்தை அவளுக்குக் காட்டவில்லை. எப்படித்தான் நீ எழுதிய அதே வார்த்தை அவள் வாயிலும் வருகிறதோ.

சங்கடம் என்னவென்றால், பக்கங்கள் மே மாதம் முப்பத்தொன்றில் அச்சுக்குப் போகின்றன. இந்தக் கொடி ஜூலைக்கு முன்னால் பூக்காது. பூக்காமலே போகலாம். நீ சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை சிட்டு. ஆனால் பார்க்காமல் ஒன்றை எழுதக்கூடாது என்பதுதான் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம். அதையும் உன் படத்தை வெட்டித்தான் கற்றுக்கொண்டேன். இப்போது மறுபடியும் பார்க்காமல் எழுதச் சொல்கிறாயே.

ஏதாவது எழுது.

உன் அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள சிட்டுவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கா மச்சான். உங்க லெட்டர் டிவி மேல இருக்கு. தினமும் தூசி தட்டுறா, பதில் எழுத மாட்டேங்கிறா" என்றார்.

கொடி என் தோள் உயரம் வந்துவிட்டது. அதை மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

உன் அண்ணன்


ஜூன் 2

அன்புள்ள சிட்டுவுக்கு,

முந்தாநாள் பக்கங்கள் அச்சுக்குப் போய்விட்டன. அறுபத்தொன்றாம் படம் நீ வரைந்தபடி போயிருக்கிறது.

எப்படி என்று எழுதுகிறேன். மூலப் படத்தைக் காப்பாளரின் அனுமதியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அண்ணி கெட்டிலில் வெந்நீர் வைத்து ஆவி பிடித்தாள். "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்று நானும், "படம் நனைஞ்சா அப்புறம் உங்க தங்கச்சி என்னையும் சேத்து வெட்டுவா" என்று அவளும். அரை மணி நேரத்தில் பசை விட்டது. பூவை எடுத்து, நீ வைத்த இடத்தில், நீ வைத்த பக்கமாக வைத்தேன். கிளையின் கோடும் பூக்காம்பின் கோடும் சரியாகப் பொருந்தின. அவ்வளவு வருஷம் அந்தக் கோடு அறுந்தபடி இருந்ததை நான் கவனித்ததே இல்லை.

கொடியைச் சங்குப்பூ இனத்துக்கு மாற்றி எழுதினேன். காப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை.

"செடிதான் வளருதே சார். பூத்ததும் பாத்துட்டு மூணாம் பதிப்புல மாத்திக்கலாமே."

"மூணாம் பதிப்புக்கு என்னை எங்கேர்ந்தும்மா கூப்பிடுவீங்க?"

அவர் சிரிக்கவில்லை. நல்ல பெண், வேலையில் கறார். "ஆதாரம்னு என்ன போடறது?" என்றார்.

"வரைஞ்சவங்க உயிர்ச் செடியில பாத்தாங்கன்னு போடுங்க."

"அது போதுமா சார்?"

"மொதல்ல அதுதான் இருந்துச்சும்மா. போதாதுன்னு நான்தான் வெட்டினேன்."

அந்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள். இதை நான் சத்தமாகச் சொன்னேன் என்பது வெளியே வந்து படி இறங்கும்போதுதான் எனக்கே உறைத்தது. ஆனால் ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், அவர் குடித்து முடித்தார்.

குறிப்பு இப்படி வருகிறது: 'முதல் பதிப்பில் இப்படத்தின் பூவை ஆசிரியர் தாமே பார்க்காமலும் ஓவியரைக் கேட்காமலும் தலைகீழாக மாற்றினார். இப்பதிப்பில் ஓவியர் வரைந்தபடியே தரப்படுகிறது.' கீழே உன் முழுப்பெயர். அதற்குக் கீழே என் பெயர்.

கொடியில் இன்னும் மொட்டுக்கூட இல்லை. வருவதற்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும் என்றுதான் அனுப்பினேன்.

உன் அண்ணன்


ஜூன் 13

அண்ணா,

உன் கடிதம் வந்தது. அடுப்பங்கரையில் நின்றபடி படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். உன் மாப்பிள்ளை என்ன ஏது என்று பதறிப்போய், சட்டைப் பையில் இருந்த மாத்திரையைத் தானே எடுத்து விழுங்கிவிட்டார். அந்த மட்டில் லாபம்.

அதோடு நின்றிருக்கலாம். மறுநாள் காலையில் பாத்திரம் கழுவும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது கொடி எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஒரு கிளையை ஒடித்து மடியில் வைத்துக்கொண்டுதான் வரைந்தேன். அதுவரை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒடித்ததை எந்தப் பக்கமாகப் பிடித்துக்கொண்டேன்? நுனி என்னைப் பார்த்து இருந்ததா, அந்தப் பக்கம் இருந்ததா? என்னைப் பார்த்து இருந்தால் நேரான பூவும் தலைகீழாகத்தானே தெரிந்திருக்கும். கண்ணை மூடி மூடிப் பார்க்கிறேன், அட்டைப்பூச்சிதான் வருகிறது.

முப்பத்தைந்து வருஷம் உன்மேல் கோபமாக இருந்ததில் ஒரு தடவைகூட இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. நீ என்னை நம்பின மறுநாளே வந்துவிட்டது. உன் வியாதி எனக்குத் தொத்திக்கொண்டது போலிருக்கிறது.

அண்ணா, அச்சை நிறுத்த முடியுமா? பூ வரட்டும், பார்த்துவிட்டுச் செய்யலாம். நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. எனக்காக நீ பேர் கெட்டுப்போக வேண்டாம்.

சிட்டு


ஜூன் 20

அன்புள்ள சிட்டுவுக்கு,

நிறுத்த முடியாது. அச்சு ஓடிவிட்டது. முடிந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

இந்தப் பதிலை ஒரே தடவையில் எழுதுகிறேன், கிழிக்கவில்லை. நான் குறிப்பில் எழுதியது, பார்க்காமல் மாற்றினேன் என்பதும் உன்னைக் கேட்கவில்லை என்பதும். அது பூ எப்படி இருந்தாலும் உண்மை. பேர் கெட்டுப்போகும் என்கிறாய். அந்தப் பேரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நான் என்ன செய்தேன் என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை.

சந்தேகம் வந்தால் பயப்படாதே. எனக்கு எழுபத்துநாலு வருஷமாக இருக்கிறது, ஆளைக் கொல்லாது. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் கொஞ்சம் படுத்துக்கொள்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 18

அன்புள்ள சிட்டுவுக்கு,

புத்தகம் பைண்டிங் முடிந்து வந்துவிட்டது, முந்நூறு பிரதி. உனக்கு ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். அது வருவதற்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

கொடி பூத்துவிட்டது. எட்டாம் தேதி முதல் பூ. அன்றே எழுதியிருக்க வேண்டும். ஒன்றை வைத்துச் சொல்லக்கூடாது என்று காத்திருந்தேன். இன்றுவரை பதினேழு பூ பார்த்துவிட்டேன். வெளிச்சம் ஒரு பக்கமாக வருவதால் இருக்குமோ என்று தொட்டியைத் திருப்பி வைத்தும் பார்த்தேன். மொட்டிலிருந்து வாடும்வரை, நாற்காலி போட்டு உட்கார்ந்து.

சிட்டு, கொடியிதழ் மேலேதான் இருக்கிறது. பதினேழிலும். பூ தலைகீழாக இல்லை. அது பயறு இனம்தான்.

உன் அண்ணி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அவளுக்கு எழுதப் போறீங்களா?" என்றாள்.

"எழுதணுமே."

"எழுதாதீங்க. இப்பதான் பாவம் சந்தோஷமா இருக்கா. புத்தகமும் வந்தாச்சு. இனிமே யாரு பாக்கப் போறா?"

அவள் உன்மேல் உள்ள பிரியத்தில் சொன்னாள். ஆனால் அன்றைக்குப் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு நான் எனக்குச் சொல்லிக்கொண்டதும் இதே வார்த்தைதான், யார் பார்க்கப் போகிறார்கள் என்று. உனக்குத் தெரியாமல் உன் விஷயத்தில் இன்னொரு தடவை நான் ஒன்றும் செய்யக்கூடாது. அதனால் எழுதிவிட்டேன். எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நான் திருப்பி ஒட்டியது சரியாக இருந்திருக்கிறது. இதில் எனக்கு ஒரு துளி பெருமையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது எங்கோ பட்டது, அவ்வளவுதான்.

காப்பாளரிடம் சொன்னேன். திட்டவில்லை. முந்நூறு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒன்று ஒட்ட வேண்டும், புதிதாக ஒரு படமும் வேண்டும் என்றார். "வேற ஓவியர் யாரையாவது கேக்கவா சார்?" என்றார். என் தங்கையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சீட்டில் என்ன வரும் என்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ படித்துச் சரி என்று சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 24

அண்ணா,

உன் கடிதம் முதலில் வந்தது, புத்தகம் பின்னால் வந்தது. நீ நினைத்தபடியே.

படித்துவிட்டு உன் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். "அப்போ இத்தனை வருஷமா உங்கண்ணனை நான் உள்ளுக்குள்ள திட்டினதெல்லாம்?" என்றார். "அது அப்படியே இருக்கட்டும். அது வெட்டினதுக்கு" என்றேன்.

எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தாய். கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் ஒன்று தோன்றியது. அன்றைக்கு நீ என் மேஜைக்கு வந்து, 'சிட்டு, இது தப்பு மாதிரி இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு மணி நேரத்தில் மாற்றி வரைந்து கொடுத்திருப்பேன். உன்னோடு சண்டை போட்டுவிட்டுத்தான், ஆனாலும் கொடுத்திருப்பேன். ஒரு மணி நேர வேலை அண்ணா.

திருத்தச் சீட்டைப் படித்தேன். 'பிழை ஆசிரியருடையது' என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிட்டு 'பிழை இருவருடையது' என்று போட்டிருக்கிறேன். பார்க்காமல் வெட்டினது உன்னுடையது, பார்த்தும் கோட்டைவிட்டது என்னுடையது. எனக்கு வர வேண்டியதையும் சேர்த்து நீயே எடுத்துக்கொள்ளாதே.

வேறு ஓவியர் வேண்டாம் என்று அந்தக் காப்பாளரிடம் சொல். வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். பத்து நாள் இருப்பேன், முந்நூறு சீட்டு ஒட்ட அவ்வளவாவது வேண்டும். உன் மாப்பிள்ளையும் வருகிறார், அவருக்கு மாடி அறை வேண்டாம், குறட்டை கீழே வரை கேட்கும், எங்கே போட்டாலும் ஒன்றுதான். பென்சிலும் தாளும் நான் கொண்டு வருகிறேன், நீ வாங்கிவைத்தால் தப்பான தாளாக வாங்குவாய். பூவைப் பறித்துத் தண்ணீரில் போட்டு வைக்காதே. கொடியிலேயே இருக்கட்டும்.

வரைந்து முடித்ததும் உன்னிடம்தான் முதலில் காட்டுவேன். தப்பு இருந்தால் வாயைத் திறந்து சொல்.

சிட்டு